கம்பை நிறுத்தத் தெரிய வேண்டும்

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் சிலம்பப் பயிற்றுநர் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கம் இல்லை. கம்பைக் கொடுத்தால் சுற்றுவேன், ஒலிபெருக்கியைக் கொடுத்தால் கை நடுங்குகிறது. தலைமையாசிரியர் விடவில்லை. "சிலம்பத்தில் நம் பிள்ளைகள் நாலு கோப்பை வாங்கியிருக்கிறார்கள், நீங்கள் பேசாமல் யார் பேசுவது?" என்று கேட்டார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கோப்பையைப் பாராட்டிப் பேசுவேன் என்று அவர் நினைத்திருந்தால், மன்னித்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு தாயார் மகனை அழைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். வெற்றிலை பாக்கெல்லாம் முறையாகத் தட்டில் வைத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு, "வாத்தியாரே, எத்தன மாசத்துல போட்டிக்கு அனுப்புவீங்க? சான்றிதழ் கெடைக்கும்ல?" என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும்போது நூற்றுக்குப் பத்து மதிப்பெண் புறப்பாட நடவடிக்கைக்குப் போகிறது. பிள்ளையின் எதிர்காலத்தை நினைக்கிற தாய் அப்படித்தான் கேட்பாள். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் எங்கேயோ குத்தியது. ஏன் குத்தியது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நான் கம்பு பிடித்தது எழுபதுகளின் தொடக்கத்தில், நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் வாத்தியார் பால் வெட்டுத் தொழிலாளி. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுகிற வரைக்கும் மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு நிற்பார். கட்டணம் என்று ஒன்றும் கிடையாது. சேர்கிற அன்றைக்கு வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒன்றேகால் வெள்ளி. அந்த ஒன்றேகால் வெள்ளியையும் கோயில் உண்டியலில் போட்டுவிடுவார்.

மூன்று மாதம் எங்கள் கையில் கம்பையே கொடுக்கவில்லை. காலடிதான். இடது காலை இங்கே வை, வலது காலை அங்கே வை, திரும்பு, உட்கார், எழு. எங்களுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. ஒருநாள் பையன் ஒருவன் துணிந்து, "எப்ப வாத்தியாரே கம்பு தருவீங்க?" என்று கேட்டான். "கால் எங்க இருக்குன்னு தெரியாதவன் கையில கம்பு குடுத்தா, மொதல்ல அவன் மண்டையத்தான் ஒடச்சுக்குவான்" என்றார். அப்புறம் ஒருநாள் கம்பு வந்தது. நெற்றி உயரத்துக்கு வெட்டிய பிரம்பு. ஊரில் மூங்கிலில் செய்வார்கள். இங்கே நம்முடைய காட்டில் நல்ல பிரம்பு கிடைத்ததால், எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

கம்பு வந்த பிறகும் அடி கிடையாது. முதலில் சலாம் வரிசை. மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வாத்தியாருக்கு ஒரு வணக்கம், எதிரே நிற்கிறவனுக்கு ஒரு வணக்கம், சுற்றி நிற்கிற ஊருக்கு ஒரு வணக்கம். 'சலாம்' தமிழ்ச் சொல் இல்லையே, 'வணக்க வரிசை' என்று மாற்றினால் என்ன என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். மாற்றட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 'உஸ்தாத்' என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் ஆசான்களிடமும் நம்மவர்கள் கம்பு கற்றிருக்கிறார்கள். அந்த உறவு அந்தச் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் பழைய பெயரையே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பிறகு வரிசைகள், வீச்சு, தட்டு, வெட்டு என்று வருடக்கணக்கில் போகும். இருவர் எதிரெதிரே நின்று விளையாடும்போது வாத்தியார் பார்ப்பது யார் அடித்தார்கள் என்பதை அல்ல. ஓங்கிய கம்பு எதிராளியின் தோளுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிறதா என்பதைத்தான் பார்ப்பார். நின்றால் தலையை ஆட்டுவார். பட்டுவிட்டால், பட்டவனை விட்டுவிட்டு அடித்தவனைத்தான் திட்டுவார். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏன் திடீரென்று ஜப்பான் என்று யோசிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. ஜூடோ என்ற கலையை உண்டாக்கியவர் கானோ ஜிகோரோ. பிள்ளைகளே, அவர் ஒரு ஆசிரியர். தோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். 1882-இல் ஒரு புத்தர் கோயிலில், பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள இடத்தில், ஒன்பது மாணவர்களோடு கொடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். எங்கள் கோயில் தரையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே கதைதான். அங்கே முதல் பாடம் எறிவது அல்ல, விழுவது. அடிபடாமல் விழக் கற்ற பிறகுதான் மற்றதெல்லாம். எதிராளியைத் தூக்கி எறிகிறவன் அவனுடைய சட்டைக் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும், அவன் தலை தரையில் மோதாமல் இருப்பதற்காக. எதிராளி இல்லாமல் நீ கற்க முடியாது, ஆகவே அவன் உடம்புக்கு நீ பொறுப்பு என்பது கானோவின் போதனை.

அவர் விளையாட்டுக்கு விரோதி அல்ல. 1909-இல் ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினராகச் சேர்ந்தவரே அவர்தான். ஆனால் ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்ப்பதைப் பற்றி 1936-இல் கேட்டபோது அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. அது வெறும் விளையாட்டு அல்ல, வாழும் முறை, கலை என்பது அவர் கருத்து. 1938-இல் அவர் மறைந்தார். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்ந்துவிட்டது. அப்புறம் போட்டிக்கு ஏற்ற மாதிரி விதிகள் மாறிக்கொண்டே வந்தன. காலைக் கையால் பிடித்து எறிகிற பழைய பிடிகள் எத்தனையோ உண்டு. அனைத்துலகப் போட்டிகளில் 2010-இல் அவற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது, 2013-இல் அறவே தடை. போட்டியில் இல்லாத பிடியை எந்தப் பையன் மெனக்கெட்டுப் பழகுவான்? ஆனாலும் கொடோகானில் 'கத்தா' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நம்முடைய வரிசை மாதிரி. இருவர் சேர்ந்து, யார் எறிவது, யார் விழுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, ஒழுங்காகச் செய்துகாட்டுவது. போட்டியில் இடமில்லாத சில பிடிகள் அதற்குள் உயிரோடு இருக்கின்றன.

நம் சிலம்பத்துக்கு அப்படி ஒரு பெட்டகம் உண்டா என்று கேட்டால், இருந்தது. பெரியவர்களுடைய உடம்புதான் அந்தப் பெட்டகம். அதில் ஒன்றை நானே உடைத்திருக்கிறேன்.

சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு பையன் இருந்தான். மின்னல் மாதிரி கை. அவனைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. சாம்பியன் ஆக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். காலடியைக் குறைத்தேன். வரிசைகளைக் குறைத்தேன். எந்த அடிக்குப் புள்ளி சட்டென்று விழுமோ அந்த நாலு அடியை மட்டும் இரவு பகலாகப் பழக்கினேன். பட்டதும் கையைத் தூக்கு, நடுவர் பார்க்கட்டும் என்று சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஒரே வருடத்தில் மூன்று கோப்பை. படம் பத்திரிகையில் வந்தது. என் பெயரும் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

அந்த வருடம் தோட்டத்துத் திருவிழாவில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாத்தியாரோடு சேர்ந்து படித்த ஒரு தாத்தா, எழுபது வயதுக்கு மேல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "பேராண்டி, வா, ஒரு கை பார்ப்போம்" என்று பையனைக் கூப்பிட்டார். பழைய முறை ஒன்று உண்டு. மூத்தவர் வேண்டுமென்றே ஓர் இடத்தைத் திறந்து காட்டுவார். இளையவன் அங்கே கம்பைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், தொடக் கூடாது. அது ஒரு பேச்சு. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற மாதிரி. தாத்தா இடது பக்கம் திறந்து காட்டினார். பையன் அடித்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பையன் பழக்கப்படி கையைத் தூக்கினான்.

தப்பு நின்றுவிட்டது. யாரும் கைதட்டவில்லை. தாத்தா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான். "பையன் நல்லா அடிக்கிறான். நிறுத்தத் தெரியல" என்றார். அவ்வளவுதான்.

எலும்பு சேர்ந்தது, பிடி சேரவில்லை. அதற்குப் பிறகு அவர் கம்பு எடுக்கவே இல்லை. அவருக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்த ஒரு இரட்டைக்கம்பு வரிசை இருந்தது. 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், போட்டி வேலையில் நேரம் இல்லை. வாயால் சொல்லிக்கொடுத்தார், முயன்று பார்த்தேன், பாதிதான் வந்தது. மீதியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையனும் அதோடு வகுப்புக்கு வரவில்லை. சிங்கப்பூரில் வேலை என்று கேள்விப்பட்டேன். சில வருடம் கழித்துத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் கூட்டத்தில் எதிர்ப்பட்டான். "அந்தத் தாத்தா எப்படி இருக்காரு வாத்தியாரே?" என்று கேட்டான். போய் மூன்று வருடம் ஆகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.

அடித்தது அவன் கை. பழக்கியது நான்.

இதைக் கேட்டுவிட்டு, போட்டியே வேண்டாம் என்று வாத்தியார் சொல்கிறார் என யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். போட்டி நமக்கு நல்லதும் செய்திருக்கிறது. எங்கள் காலத்தில் கோயில் தரைக்குப் பெண்பிள்ளைகள் வந்தால், "பொம்பளப் புள்ளைக்கு என்னா கம்பு?" என்று விரட்டிவிடுவார்கள். என் தங்கை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தே பாதி வரிசை கற்றுக்கொண்டவள், ஒருநாளும் தரையில் இறங்க விடவில்லை. போட்டியில் பெண்கள் பிரிவு என்று வந்த பிறகுதான் பெற்றோர்கள் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார்கள். இன்றைக்கு வாங்கப்போகிற நாலு கோப்பையில் மூன்று பெண்பிள்ளைகளுடையவை. தலைக்கவசம் வந்ததும் போட்டியால்தான். தமிழ்நாட்டு அரசு 2021-இல் சிலம்பத்தை வேலைவாய்ப்புக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இதெல்லாம் கண்டு மகிழ வேண்டியவைதான்.

போட்டியில் நின்றும் கலையைக் காப்பாற்றலாம் என்பதற்கு அந்த 1964 தோக்கியோவே சாட்சி. எடைப் பிரிவு இல்லாத இறுதிப் போட்டியில் ஹாலந்து நாட்டு அந்தோன் ஹேசிங்க், ஜப்பானியர் கமினாகாவை அவருடைய சொந்த மண்ணிலேயே வென்றார். மகிழ்ச்சி தாங்காமல் ஹாலந்துக்காரர்கள் பாய்மேல் ஓடி வந்தார்கள். ஹேசிங்க் கையை உயர்த்தினார். வெற்றி என்று காட்டுவதற்காக இல்லை, நில், வராதே என்று தடுப்பதற்காக. எழுந்து, முறைப்படி குனிந்து வணங்கிய பிறகுதான் கொண்டாட்டம். நான் பழக்கிய பையனும் கையைத் தூக்கினான். இரண்டு கைக்கும் என்ன வித்தியாசம் என்று இரவில் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

நம் அண்டை வீட்டு மலாய்ச் சகோதரர்களைப் பாருங்கள். சீலாட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு 'ஓலாராகா', கலைக்கு 'செனி'. 1987 முதல் சீ விளையாட்டில் சீலாட் போட்டி இருக்கிறது. 2019-இல் யுனெஸ்கோ மலேசியாவின் சீலாட்டை மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. ஒன்று இருந்ததற்காக மற்றதை அவர்கள் தூக்கி எறியவில்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்னால் ஆடுகிற சீலாட்டுக்கு யார் புள்ளி போடுகிறார்கள்?

பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிவிட்டு முடிக்கிறேன். கதை என்றாலும் நடந்தது. நம்முடைய இந்தப் பினாங்கில் முடிகிற கதை.

சிவகங்கைச் சீமையில் மருது பாண்டியர் என்று அண்ணன் தம்பி இருவர் ஆண்டார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி அந்தப் பக்கம் பணிக்கு வந்தபோது தம்பி சின்ன மருது அவரோடு நட்பாக இருந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். வளரி என்பது வளைந்த எறிகோல். பிறகு 1801-இல் போர் மூண்டது. வெல்ஷ் இருந்த படையே மருதிருவர்மேல் வந்தது. அந்த அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கவும் தடை போட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவன். அவனையும் எழுபதுக்கு மேற்பட்ட மற்றவர்களையும் 1802-இல் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். எந்த ஊருக்கு? இந்தப் பினாங்குக்கு.

1818-இல் அதே வெல்ஷ் பினாங்கு வந்தார். அவரைத் தேடி ஒருவர் வந்தார். வயதுக்கு மீறிய முதுமை, அடையாளமே தெரியவில்லை. பெயரைக் கேட்டால், துரைசாமி. 1830-இல் அச்சான தம் நூலில் வெல்ஷ் இதை எழுதியிருக்கிறார். தமக்கு ஈட்டியும் வளரியும் முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

கலை கற்றால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தவர் சீமைமேலேயே படையோடு வந்தவர்தானே அந்த வெல்ஷ். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. சின்ன மருது அவருக்குக் கற்றுக்கொடுத்தபோது அங்கே கோப்பை இல்லை, சான்றிதழ் இல்லை, நடுவர் இல்லை. தோளைத் தொட்டு, 'இப்படிப் பிடி, இப்படி விடு' என்று ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்டார். முப்பது வருடம் கழித்தும், இடையில் அத்தனை இரத்தம் ஓடிய பிறகும், அந்தக் கை அவருக்கு நினைவில் இருந்தது. நான் இந்தத் தீவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். துரைசாமி எந்தத் தெருவில் நடந்தாரோ என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

சரி, நேரம் ஆகிறது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு.

பெற்றோர்களுக்கு ஒன்று. அடுத்த ஆண்டு முதல் நம் பள்ளியில் சனிக்கிழமை வகுப்பை இரண்டாகப் பிரிக்கிறேன். போட்டிக்குப் போக விரும்புகிற பிள்ளை போகட்டும், நானே பழக்குகிறேன். ஆனால் யாராக இருந்தாலும் முதல் வருடம் காலடியும் சலாம் வரிசையும்தான். போட்டியே வேண்டாம் என்கிற பிள்ளைக்கும், கொஞ்சம் மெதுவாக வருகிற பிள்ளைக்கும் கடைசி வரைக்கும் இடம் உண்டு. "ஏன் என் பிள்ளைக்கு இன்னும் கோப்பை இல்லை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "கம்பு எங்கே நிற்கிறது?" என்று வந்து பாருங்கள்.

இன்னொன்று தோட்டத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு. எங்கள் தோட்டம் இப்போது இல்லை. லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். பத்து காவானில் தோட்டம் இருந்த மண்ணில் இன்று தொழிற்சாலைகள். 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் வந்து இறங்குவதும் அங்கேதான். கோயிலை மாற்றிக் கட்டிக்கொண்டோம், கோயிலுக்குப் பின்னால் இருந்த தரையை யாரும் மாற்றிக் கட்டவில்லை. உங்களில் யாருக்காவது ஒரு வரிசை தெரிந்திருக்கலாம். பாதியாவது தெரிந்திருக்கலாம். "நமக்கென்னா தெரியும், இதெல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை காலையில் வாருங்கள். பஸ் காசு நான் தருகிறேன். மூட்டு வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுங்கள், பிள்ளைகள் செய்வார்கள், வகுப்பில் ஒரு மாணவி கைப்பேசியில் படம் பிடித்து வைப்பாள். அந்தத் தாத்தாவின் இரட்டைக்கம்பு வரிசையில் எனக்கு வராத பாதி உங்களில் யாரிடமாவது இருந்தால், உங்கள் காலைத் தொட்டுக் கற்றுக்கொள்ள நான் தயாராக இருக்கிறேன். எனக்கு இன்னும் மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

கோப்பைகளைக் கொடுப்பதற்கு முன்னால், இந்த ஆண்டு எந்தப் போட்டிக்கும் போகாத ஆறு பிள்ளைகள் மேடைக்கு வந்து சலாம் வரிசை செய்து காட்டுவார்கள். தப்பு அடிப்பவர் தயாராக இருக்கிறார். முன்வரிசையில் இருக்கிறவர்கள் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.